மாதாமணலின் ஒற்றைப் புல்

“இதுல எங்கப்பா எதுன்னு உங்க மிசினு சொல்லுமாக்கா?”

மணல்மேட்டின் உச்சியில் குந்தியிருந்து ஒரு புல்லின் நுனியைக் கத்தரித்துக்கொண்டிருந்த குழல்வாய்மொழி நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை. எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். கையில் பாதி கடித்த கொய்யாக்காய்.

“இது புல்லைத்தான் பாக்கும் கண்ணு. ஆளையெல்லாம் பாக்காது” என்று சிரித்தபடி குழலி பையிலிருந்து ஒரு டாஃபியை எடுத்து நீட்டினாள்.

குழந்தை டாஃபியை வாங்கிக்கொண்டது. ஆனால் போகவில்லை. “புல்லத்தான் நானும் கேக்கேன்” என்றது. பிறகு, பெரியவர்கள் இப்படித்தான் என்று பழகிப்போன முகத்தோடு சரிவில் இறங்கி ஓடிவிட்டது.

குழலிக்கு அது தெளிவாகக் காதில் விழுந்தது. விழுந்தும் அவள் அடுத்த புல்லுக்கு நகர்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேடு முழுவதும் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. அந்தப் புல்லுக்கு இராவணன் மீசை என்று பெயர். அதன் முள் காலில் தைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நுனி ஒடிந்து உள்ளேயே தங்கி, சில நாள் கழித்துத்தான் வலிக்கத் தொடங்கும். அந்தக் கேள்வியும் அப்படித்தான் அவளுக்குள் தங்கியது.

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இராவணன் மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லலாம். விறைத்த ஊசி ஊசியான இலைகள். மணலுக்குள் கயிறுபோல் ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர். காற்று அள்ளிவரும் மணலை அந்த மீசை பிடித்து நிறுத்திக்கொள்ளும். மணல் உயர உயரப் புல்லும் உயரும். அப்படி வளர்வதுதான் மணல்மேடு. இந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள்பந்தாகத் திரண்டு, காய்ந்ததும் ஒடிந்து, காற்றோடு கரை நெடுக உருண்டு ஓடும். எங்கே நிற்கிறதோ அங்கே விதை விழும்.

கடல் ஊருக்குள் கால்வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கொட்டிய பாறைகளும் கட்டிய சுவர்களும் ஒவ்வொரு புயலுக்கும் சரிந்தன. புல் பிடித்த மேடுகள் மட்டும் நின்றன. அவற்றின் அருமை அரசாங்கத்துக்குத் தெரியவந்த அதே சமயத்தில், புல்லுக்கு நோய் வந்தது. வேர்க்கருகல் என்றார்கள். கருகிய மேடு ஒரே மழைக்காலத்தில் கரைந்தது. எல்லா மேடுகளையும் காப்பாற்ற ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. எதைக் காப்பது, எதை விடுவது?

தென்காசியிலிருந்து படிக்கப் போய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேர்ந்திருந்த குழலி, பல வருடங்கள் இலை அரைத்து, தோற்று, மறுபடி அரைத்து, இந்தப் புல்லுக்கான மரபணுக் குறிகளைக் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கருவியும் செய்தாள். அதில் ஒரு நுனி இலையைப் போட்டால், இந்தச் செடியும் பக்கத்துச் செடியும் ஒன்றா வேறா என்று அங்கேயே சொல்லிவிடும். பல வகைச் செடிகள் கலந்து நிற்கும் மேட்டில் நோய் வந்தால் சில போனாலும் சில பிழைக்கும். ஒரே செடியின் தண்டிலிருந்தே பரவிய மேடு என்றால், ஒன்று கருகினால் அத்தனையும் கருகும். எங்கிருந்து விதை எடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் அதைச் செய்தாள்.

மேலே இருந்தவர்கள் அதைக்கொண்டு ஒரு விதி செய்தார்கள். கலப்புள்ள மேடு பச்சை. அதற்குப் பாதுகாப்பு உண்டு, அதன் பின்னால் இருக்கும் ஊரும் அங்கேயே இருக்கலாம். ஒற்றைச் செடி மேடு சாம்பல். அது எப்படியும் போகப்போவது, ஊரை உள்நாட்டுக்கு மாற்றிவிடலாம், மணலை வேறு மேட்டுக்கு அள்ளிக்கொள்ளலாம். ஒரே ஒரு விலக்கு இருந்தது. மக்கள் நட்டு வளர்க்கும் மேடு என்றால் குறியைப் பார்க்க வேண்டாம். நட்டவர்கள் மறுபடியும் நடுவார்கள் என்பதால் அந்த ஊரைத் தொடுவதில்லை. இந்த விதியைக் குழலி எழுதவில்லை. ஆனால் அவளுடைய டப்பா இல்லாமல் அதை யாராலும் எழுதியிருக்க முடியாது.

அன்று மாதாமணல் என்ற அந்தக் கடற்கரை ஊரில் உச்சிப்பொழுது நெருங்கியபோது அவளுடைய ஷூவின் அடிப்பாகம் சூட்டில் பசை விட்டுக் கழன்றுகொண்டது. முதலில் ஒன்று, சிறிது நேரத்தில் மற்றொன்று. மணல் அடுப்பில் போட்ட வாணலியாகக் கொதித்தது. ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றவளைப் பார்த்து, மேட்டுக்குக் கீழே இருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“மேடம், அங்கன நின்னு என்ன டான்ஸ் ஆடுதீங்க? நெழலுக்கு வாங்க.”

குழலி குதித்துக் குதித்து இறங்கி வந்தாள். முன்பு கேள்வி கேட்ட குழந்தை வாசலில் உட்கார்ந்து அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. “ஏட்டி ஜெனோவா, சும்மா இரி” என்று அதட்டிய தாய், ஒரு செம்பு நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டிருந்தாள். அவள் பெயர் செலஸ்தி. முப்பது வயது நிரம்பியிராது. ஆனால் நெற்றியில் எதையோ உற்றுப் பார்த்துப் பார்த்து விழுந்த கோடுகள் இருந்தன.

“அந்த டப்பாவுக்குள்ள அப்படி என்னதான் பாக்கிதீங்க?”

குழலி சுற்றிப் பார்த்தாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒரு ஜெபமாலை தொங்கியது. “இந்த ஜெபமாலை மாதிரி ஒண்ணு ஒவ்வொரு செடிக்குள்ளயும் இருக்குன்னு வைங்க. ஒரு எடத்துல ஒரே மாதிரி மணி வரிசையா வரும். ஒரு செடியில அஞ்சு மணி இருக்கும், இன்னொண்ணுல எட்டு மணி இருக்கும். தாய் தகப்பன்கிட்ட இருந்து வர்றது அது. ரெண்டு செடியில எல்லா எடத்துலயும் மணி ஒண்ணுபோல இருந்தா, அது ரெண்டு செடி இல்ல. ஒரே செடியோட ரெண்டு துண்டு.”

செலஸ்தி ஜெபமாலையைத் திரும்பிப் பார்த்தாள். “எங்க மேட்டுல எப்படி இருக்கு?”

“இதுவரைக்கும் பாத்தது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அதான் ஆச்சரியமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் குழலி கேட்டாள். “இந்தப் புல்லை நீங்க யாராவது நட்டீங்களா? ஊர்க்காரங்க, சங்கம், கோயில்ல இருந்து, யாராவது?”

செலஸ்தியின் கண் கடலுக்குப் போயிற்று. உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது தானா வளருது மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“தானாத்தான் வளருது.”

புறப்படும்போது செலஸ்தி வாசலில் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துத் தட்டி அவள் முன்னால் வைத்தாள். நீல வார், குதிகால் பக்கம் தேய்ந்தது. ஆண்பிள்ளை அளவு. “இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. பஸ்ஸுக்கு ரெம்ப தூரம் நடக்கணும். காலு வெந்து போயிரும்.”

“உங்களுக்கு வேணாமா?”

“எங்க காலுக்கு மணலு பழக்கம்.”

“அடுத்த தடவை வர்றப்ப கொண்டுவந்து தந்துடறேன்.”

“தாங்க” என்று செலஸ்தி சிரித்தாள். ஜெனோவா மட்டும் செருப்பையே பார்த்தபடி அழுவதற்கு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள்.

மேட்டைக் கடந்து போகையில் குழலி ஒன்றைக் கவனித்தாள். புற்கள் சேர்ந்து படரவில்லை. ஒவ்வொரு தூறும் தனித்தனியாக, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவு இடம் பிடித்து, கடலைப் பார்த்தபடி நின்றது. காற்று அப்படி ஒதுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய தலைவர் ஆராவமுதன் நல்ல மனிதர். எறும்பு ஊர்ந்தாலும் காலை ஒதுக்கி வைப்பார். முடிவைப் பார்த்து அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மொத்த மேடும் ஒரே செடியா? ஒரு இலைகூட மாறலையா?”

“இல்ல சார். எல்லாமே ஒரே ஆண் செடி.”

“இவ்வளவு பெரிய மேட்டுல இதுவரைக்கும் நான் பாத்ததில்ல. ஊர்க்காரங்க நட்டதா இருக்குமோ?”

“கேட்டேன் சார். தானா வளருதுன்னு சொன்னாங்க.”

“யார்கிட்ட கேட்ட?”

“மேட்டடியில ஒரு அம்மாகிட்ட.”

“இன்னொரு தடவை போய்ப் பாக்க முடியுமா?”

குழலி யோசித்தாள். அடுத்தடுத்து மேடுகள் காத்திருந்தன. மேலே இருந்து தினமும் போன் வந்தது. அதோடு, தன் டப்பாவின் மேல் அவளுக்குக் கர்வமும் இருந்தது. அது பொய் சொன்னதில்லை. “தேவைப்படாது சார்” என்றாள்.

டப்பா அன்றும் பொய் சொல்லவில்லை. அதுதான் பின்னால் அவளை அதிகம் வருத்தியது.

மாதாமணல் சாம்பலாயிற்று. அடுத்த கோடையில் ஊரை உப்பளத்துக்குப் பின்னால் கட்டிய காலனிக்கு மாற்றினார்கள். செய்தியில் ஒருநாள் காட்டினார்கள். லாரியில் பாத்திரம் பண்டம், மாதா சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர், பிறகு மேட்டை வாரும் இயந்திரங்கள். இயந்திரத்துக்கு முன்னால் சில பெண்கள் போய் மணலில் விழுந்து கிடந்தார்கள். வீடு போகிற துக்கம் என்று செய்தி சொன்னவர் சொன்னார். குழலியும் அப்படியே நினைத்தாள். செருப்பு அவளுடைய அலமாரியில், மாதிரி உறைகளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவாவது ஒருநாள் போயிருக்கலாம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஊர் பெயர்ந்த பிறகு, எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டாள்.

வருடங்கள் போயின. ஆராவமுதன் ஓய்வு பெற்றார். குழலியின் தலை நரைத்தது. வேர்க்கருகல் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, காத்து வைத்திருந்த பச்சை மேடுகளுக்குள்ளும் புகுந்தது. கலந்து நின்ற செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. ஆங்காங்கே சில பெண் தூறுகள் மட்டும், ஏனென்று தெரியாமல், குற்றுயிராகத் தாக்குப்பிடித்தன. அவற்றின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, நோயை எதிர்க்கும் குறி ஒன்று பாதி அளவில் அவற்றில் இருந்தது. தகப்பன் வழியாகவோ தாய் வழியாகவோ, ஒரு பக்கமிருந்து வந்தது. இரு பக்கமும் சேர்ந்து முழுதாக இருக்கும் செடி எங்காவது இருந்ததா என்று அவள் பழைய உறைகளையெல்லாம் பிரித்தாள். காய்ந்த இலைகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மாதாமணலின் ஒவ்வொரு இலையிலும் இருந்தது.

காய்ந்த இலையிலிருந்து செடி முளைக்காது. மறுநாளே குழலி அங்கே போனாள். மேடு இருந்த இடத்தில் கடல் இருந்தது. மாதா சிலை இருந்த கெபி என்ற சிறு குகைக்கோயிலின் கல்மேடை மட்டும் அலைக்கு மேலே தெரிந்தது. கரையெங்கும் நடந்து பார்த்தாள். ஒரு மீசைகூட இல்லை.

காலனிக்குப் போக ஷேர் ஆட்டோ ஏறினாள். ஓட்டியது ஒரு இளம்பெண். காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தாள். கண்ணாடியில் குழலியை இரண்டு முறை பார்த்தாள்.

“காலனியில யாரைப் பாக்கணும்?”

“மாதாமணல்ல இருந்து வந்தவங்க யாராவது. செலஸ்தின்னு ஒருத்தங்க இருந்தாங்க.”

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “நீங்க டாஃபி குடுத்த மிசினு அக்காதான?”

குழலி கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினாள்.

“எங்க ஊரை டப்பாவுல போட்டுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்ன அக்கா” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. தெரிந்த ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்துவதுபோலச் சொன்னாள். “நான் ஜெனோவா. அம்மா போயி ரெண்டு வருசம் ஆவுது. எறங்காதீங்க, வீட்டுக்குத்தான் போறேன். சார்ஜ் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க.”

காலனி வீடுகள் தீப்பெட்டி தீப்பெட்டியாக இருந்தன. ஜெனோவாவின் வீட்டு வாசலில் பெயின்ட் வாளி ஒன்று இருந்தது. வாளி நிறையக் கடல் மணல். அதில் விறைப்பாக, பச்சையாக, இராவணன் மீசை. காலனியின் உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் நடுவில் அது மீசையை முறுக்கிக்கொண்டு நின்றது.

குழலி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அதுதான் எங்கப்பா” என்றாள் ஜெனோவா.

பிறகு, அரிசி களைந்து உலை வைத்துக்கொண்டே, சொன்னாள். மாதாமணலில் கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடலும் ஒதுங்காமல் போனால், அவன் வீட்டுப் பெண் விடிவதற்கு முன்னால் எழுந்து கெபிக்குப் போவாள். கெபியை ஒட்டி ஒரு தூறு புல் உண்டு. அதில் ஒரு கணு கிள்ளி, மேட்டின் கடல் முகத்தில் நட்டுவிட்டு வருவாள். குழிக்குள் அவன் உடம்பு பட்ட ஏதாவது ஒன்றை வைப்பாள். சட்டையோ, துண்டோ. நடுகையில் பேசக்கூடாது. நட்டதைப் பிறகும் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் இல்லை என்று நாமே சொன்னதாகிவிடும். கெபிப் புல் எத்தனை தலைமுறையாகக் கிள்ளப்பட்டதோ யாருக்கும் தெரியாது. அப்படி வளர்ந்ததுதான் அந்த மேடு.

“மிசினுக்கு எல்லாம் ஒண்ணு. எங்களுக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஆளு” என்று உலைமூடியைச் சாய்த்து வைத்தாள் ஜெனோவா. “எங்கப்பா இன்னாசி போனப்ப எனக்கு நாலு வயசு. எங்கம்மா நட்டா. தெரியாம பின்னாலயே போயி நான் பாத்துட்டேன். ஆனா குழியில ஒண்ணும் வைக்கல. வச்சா போயிட்டாருன்னு ஆயிரும்லா? அவிய செருப்பை வாசல்லயே போட்டு வச்சிருந்தா. உள்ள இருக்கிற மாதிரி.”

குழலிக்குத் தன் அலமாரியில் கிடந்த நீல வார்ச் செருப்பு நினைவுக்கு வந்தது.

“அதையும் ஒருநா யாருக்கோ காலு சுடுதுன்னு குடுத்துட்டா. யாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல. நான் அழுத அழுகை மட்டும் ஞாபகம் இருக்கு. ‘ஏன் குடுத்த’ன்னு கேட்டா, ‘அப்பா இருந்தா அவியளே கழத்திக் குடுத்திருப்பாவ’ன்னா. மேட்டை வாருனப்ப ஓடிப்போயி இந்த ஒரு கணுவ மட்டும் பிடுங்கியாந்தா. கடைசியில அவளுக்கே தோணிப்போச்சு, இனிமே எதையாவது வச்சு அப்பாவ ஒழுங்கா அனுப்பணும்னு. வைக்கிறதுக்குச் செருப்பும் இல்ல. நடுறதுக்கு மேடும் இல்ல.”

உலை கொதித்தது. ஜெனோவா தீயைக் குறைத்தாள்.

“சாவுற வரைக்கும் ஒண்ணத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா. ‘அந்த மேடம் நேருக்கு நேரா கேட்டாவ, நான் வாயத் தொறந்திருந்தா ஊரு இருந்திருக்கும்’னு. அதனாலதான் நான் எல்லாத்தையும் சொல்லுதேன். இனிமே சொல்லாம வச்சிருந்து என்னத்துக்கு?”

“உங்கம்மா மேல தப்பு இல்ல” என்றாள் குழலி. “நீ சொன்ன ஜெனோவா. அஞ்சு வயசுல மேட்டு மேல வந்து சொன்ன. நான்தான் டாஃபி குடுத்து அனுப்பிட்டேன்.”

ஜெனோவா உலையை இறக்கினாள். சோற்றை வடித்து, கருவாட்டுக் குழம்போடு அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஊரை இழந்த வீட்டில், ஊரை இழக்கச் செய்தவள் சாப்பிட்டாள். ஆண்டவன் சிலரைத் தண்டிக்க நினைக்கும்போது அவர்கள் முன்னால் இப்படி ஒரு தட்டை வைக்கிறான் போலிருக்கிறது.

சாப்பிட்ட பிறகு குழலி வந்த காரியத்தைச் சொன்னாள். கரையெல்லாம் கருகுவதை, இந்தச் செடியிடம் இருப்பதை, உயிரோடு இருக்கும் பெண் தூறுகளை. “இதுல ஒரு கணு வேணும். வேண்டாம்னு நீ சொன்னா நான் எழுந்து போயிடுவேன்.”

“எங்கப்பாவ வெட்டிக் குடுன்னு கேக்கிதீங்க.”

“ஆமா.”

“மிசினு கொண்டாந்திருக்கீங்களா?”

குழலி டப்பாவை எடுத்தாள். இலை நுனி ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். ஜெனோவா அவள் தோளுக்கு மேலே குனிந்து நின்றாள், ஐந்து வயதில் நின்றதைப் போலவே.

“எங்கப்பாவான்னு சொல்லுதா?”

பொய் சொல்லியிருக்கலாம். கருணையான பொய்யாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பொய்யை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. “அதைச் சொல்லாதும்மா. மேட்டுல இருந்த எல்லாரும் இதே மணிதான். இன்னாசி ஒருத்தர், இன்னொருத்தர் வேறன்னு இதுக்குப் பிரிக்கத் தெரியாது. எல்லாரும் இதுல இருக்காங்கன்னுதான் சொல்லுது.”

“எல்லாருமா?”

“எல்லாரும்.”

ஜெனோவா வாளியைப் பார்த்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது. “அதான் தண்ணி இப்படிக் குடிக்கி. வாளிக்குள்ள ஒரு ஊரே கெடக்கு.” பிறகு உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தாள். மணலைக் கையால் விலக்கி, தண்டைத் தடவித் தடவி நல்ல கணுவாகப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அறுத்தாள். ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

“எங்கப்பா யாரு கேட்டும் இல்லன்னு சொன்னதில்லன்னு அம்மா சொல்லுவா. கொண்டுபோங்க. வளந்து கரையில நட்டதுக்கு அப்புறம் நான் வந்து கேப்பேன், இதுல எங்கப்பா எதுன்னு. அப்பமும் டாஃபி குடுக்காதீங்க.”

“காட்டுதேன்” என்றாள் குழலி. எப்படி என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

செருப்பு தன்னிடம் இருப்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்தச் செருப்பைக் கையில் கொடுத்தால் மன்னிப்புக் கேட்பதாகிவிடும். மன்னிக்க வேண்டியவள் மண்ணுக்குள் போய்விட்டாள். செலஸ்தி ஆசைப்பட்டது மன்னிப்பதற்கு அல்ல, குழியில் அதை வைத்து இன்னாசியை ஒழுங்காக அனுப்புவதற்கு.

கணு பிழைத்தது. கண்ணாடிக் குப்பிகளில் துளிர்த்து, தொட்டிகளுக்கு மாறி, பூத்தது. பிழைத்திருந்த பெண் தூறுகளின் கதிரில் அதன் மகரந்தத்தைத் தூவினார்கள். முள்பந்துகள் திரண்டன. விதையில் முளைத்த கன்றுகளை நோய்மணலில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒவ்வொன்றிலும் பாதி மாதாமணல்.

மாதாமணலின் பழைய கரைக்கு உட்புறம், கெபியின் கல்மேடைக்கு நேராக, புது மேடு எழுப்பத் தொடங்கினார்கள். இந்த முறை காலனிப் பெண்களையே நடச் சொன்னார்கள். குழலி பிடிவாதமாக நின்று வாங்கிய ஏற்பாடு அது. எல்லோரும் வரப்போகும் நாளன்று அவள் மட்டும் விடிவதற்கு முன்னால் தனியாக அங்கே போனாள்.

கரையில் ஆள் இல்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் தன் செருப்பைக் கழற்றி விட்டு ஈர மணலில் ஏறினாள். கடலைப் பார்த்த முகத்தில் ஒரு இடம் தேர்ந்து, கையாலேயே தோண்டினாள். நகத்துக்குள் மணல் ஏறியது. பையிலிருந்து அந்தச் செருப்பை எடுத்தாள். நீல வார். தேய்ந்த குதிகால். இத்தனை காலத்துக்குப் பிறகும் உள்ளடியில் ஒரு மனிதனின் பெருவிரல் அழுந்திய பள்ளம் இருந்தது. இரண்டையும் சேர்த்து, வாசலில் கழற்றி விடுவதுபோல் ஒழுங்காக, குழிக்குள் வைத்தாள்.

அதற்கு மேல், வாளிக் கணுவிலிருந்து வளர்ந்த கன்று ஒன்றை நட்டாள். விதையில் முளைத்த கலப்புக் கன்று அல்ல. முழுக்க முழுக்க அந்தப் பழைய ஒற்றைப் புல். மணலைத் தள்ளி மூடினாள். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள்.

அவளுக்குத் தெரிந்த கடவுள் வேறு. தெரிந்த மந்திரம் வேறு. ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் நடுகையில் பேசக்கூடாது என்று அந்த ஊரில் வழக்கம். அவள் பேசவில்லை.

காற்று எழுந்தது. கன்றின் ஊசி இலைகள் முதல் மணலைப் பிடித்தன. குழலி எழுந்து, தன் காலடித் தடங்களை அலை வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நீரோரமாகவே நடந்து திரும்பினாள்.